ரெண்டு வாரத்துல கோ (Go புரோகிராமிங் லாங்குவேஜ்) கத்துக்கறேன்னு வாய விட்டுட்டேன், நெசமா எத்தன நாள் ஆகுமுங்க?

#1 சரவணம்பட்டி_ஜாவா

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஜாவாவுல 13 வருசம் ஓட்டியாச்சு. ஸ்ப்ரிங்கு, ஹைபர்நேட்டு, ஆரக்கிள்னு அதுக்குள்ளயே பொழப்பு போயிட்டிருந்துச்சு. போன வியாழக்கெழம மீட்டிங்ல, இனி புது சர்வீஸ் எல்லாம் கோ லாங்குவேஜ்லதான்னு கிளையண்ட் சொல்லிப்புட்டாங்க. மேனேஜர் என்னையப் பாத்து "உங்களுக்கு எத்தன நாள் வேணும்"னாரு, நானும் கெத்தா "ரெண்டு வாரம் போதுங்க"ன்னுட்டேன். ராத்திரி சந்தகைய தட்டத்துல போட்டுட்டு யோசிக்கறேன், எத வெச்சு ரெண்டு வாரம்னு சொன்னேன்னு எனக்கே தெரியல.

ஒரு லாங்குவேஜ்ல ஊறிப்போனவங்க அடுத்ததுக்குப் போறப்ப உண்மையா எத்தன நாள் ஆச்சுன்னு சொல்லுங்க. கோர்ஸ் விக்கறவங்க தயவுசெஞ்சு வேண்டாமுங்க.

#2 ஒண்டிப்புதூர்_ஓரம்

ரெண்டு வாரமே எச்சுங்ணா. கோவுல மொத்த கீவேர்டே (லாங்குவேஜோட சொந்த வார்த்தைக) 25தான். சனி ஞாயிறு உக்காந்தா முடிஞ்சுது.

#3 கோபி_அம்மிணி

25 கீவேர்டுன்றது சரிதான், ஆனா அத வெச்சு நாள் கணக்கு போடாதீங்க. அனுபவத்த கேட்டீங்கல்ல, சொல்றேன்.

நான் ஆண்ட்ராய்டு. 2017ல கூகுள் ஆண்ட்ராய்டுக்கு கோட்லின்ற லாங்குவேஜ சேத்துக்கிட்டப்பறம் 2018ல எங்க டீமும் மாறுச்சு. ஜாவா தெரிஞ்சவளுக்கு கோட்லின் என்ன பெரிய கம்ப சூத்திரமான்னு நெனச்சேன், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே ஜாவா ஃபைல கோட்லினா மாத்திக் குடுக்குது, மொத வாரத்துலயே ஆப் ஓடிருச்சு. வீட்ல கூட சொன்னேன், கத்துக்கிட்டேன்னு. ஆறு மாசம் செண்டு அதே கோட எடுத்துப் பாக்கறேன், ஒரே ஃபைல்ல ரெட்ட ஆச்சரியக்குறி நாப்பது எடத்துல. கோட்லின் கம்பைலர் (கோட ஓட்டறதுக்கு முன்ன சரி பாக்கறது) "இது நல்லா (null, மதிப்பே இல்லாம காலியா) இருக்கலாம், பாத்துக்க"ன்னு சொல்ற எடத்துல எல்லாம் "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்"னு வாய அடைக்கறதுதான் அந்தக் குறி. நல் எக்செப்ஷன் (அந்தக் காலியால ஆப் படுக்கறது) வராம இருக்கறதுக்குன்னே ஒருத்தன் லாங்குவேஜ் பண்ணிக் குடுத்தா அதுக்குள்ள போயி நான் நல் எக்செப்ஷனத்தான் பத்தரமா கொண்டாந்து வெச்சிருக்கேன். ஜாவா பொம்பளைக்கு கோட்லின் சீலை கட்டுன மாதிரி.

கோரூட்டீன் (coroutine, பின்னால தனியா ஓட உடற வேல) அதுக்கும் மேல. குளோபல் ஸ்கோப்புல லாஞ்ச் பண்ணி விட்ருவேன், யூசர் ஸ்கிரீன மூடிட்டுப் போயிருப்பாரு, அந்த வேல மட்டும் பின்னால ஓடிட்டே இருந்து, இல்லாத ஸ்கிரீன்ல எழுதப் போயி ஆப் படுத்துரும். அது ஏன்னு புரிஞ்சு, யோசிக்காம கையி தானா சரியா எழுதறதுக்கு அஞ்சு மாசமாச்சு.

அதனால மொதல்ல நீங்க "கத்துக்கறது"ன்னா என்னன்னு மேனேஜர்கிட்ட பேசுங்க. ஓட வெக்கறதா, ஒழுங்கா எழுதறதா?

#4 ஒண்டிப்புதூர்_ஓரம்

அக்கா அது கோட்லின். கோ வேற. கோவ ஆரம்பிச்ச மூணு பேர்ல ராப் பைக், கென் தாம்ஸன் ரெண்டு பேரும் யூனிக்ஸ் காலத்து ஆளுங்க, மூணாவது ராபர்ட் கிரீஸ்மர். கூகுள்ல புதுசா சேர்றவங்க சீக்கிரம் புடிச்சுக்கணும்னுதான் வேணும்னே சின்னதா வெச்சாங்க. ஜெனரிக்ஸ் (ஒரே கோட பல டைப்புக்கும் எழுதற வசதி) கூட 2022ல கோ 1.18லதான் வந்துச்சு, அது இல்லாமயே பத்து வருசம் ஓட்டுனாங்க.

#5 கோபி_அம்மிணி

சின்ன ஊரு கண்ணு. ஆனா எந்தச் சந்துல நாய் கடிக்கும்னு தெரிய நாளாகும்.

#6 ஈரோட்டு_மஞ்ச

எங்கிருந்து எங்க போறீங்கன்னு சொல்லாம நாள் கணக்கு பேசறது வெட்டிப் பேச்சுங்க. ஈரோட்ல இருந்து பவானி போறதும் ஈரோட்ல இருந்து திம்பம் ஏறி சாம்ராஜ்நகர் போறதும் ஒண்ணா? ஜாவா டு சி ஷார்ப் பவானி மாதிரி. ஜாவா டு கோ கொஞ்சம் எச்சு, சத்தின்னு வெச்சுக்குவோம். ரஸ்ட்னா 27 கொண்டை ஊசியும் ஏறித்தான் ஆகணும், நடுவுல நிக்க எடமில்ல.

நான் சி பிளஸ் பிளஸ்ல ஒம்பது வருசம் இருந்து ரஸ்ட்டுக்குப் போனேன். ஒம்பது வருசம் பாயிண்டரோட குடும்பம் நடத்துனவன்தானே நானு, மொத மூணு வாரம் கம்பைலரோட சண்டையத் தவிர வேறெதும் நடக்கல. மொத வாரமே டபுளி லிங்க்ட் லிஸ்ட் எழுதிப் பழகலாம்னு உக்காந்தேன். யாரும் அத மட்டும் பண்ணாதீங்க, ரஸ்ட்ல அதுதான் கடைசிப் பாடம்.

எனக்கு அது எப்பப் புரிஞ்சுதுன்னா, காங்கயம் பக்கம் எங்க தோட்டத்துப் பட்டா தகராறு ஒண்ணு நடந்தப்ப. சிரிக்காதீங்க. பட்டா ஒருத்தர் பேர்லதான் இருக்கும், வேறொருத்தருக்கு மாத்திக் குடுத்துட்டா அப்பறம் உங்களுக்கு அங்க சோலி இல்ல. அதுதான் ஓனர்ஷிப். தோட்டத்த வந்து பாத்துட்டுப் போக எத்தன பேரு வேணா ஒட்டுக்கா வரலாம், ஆனா ஒருத்தன் உள்ள ஏர் ஓட்டிட்டிருக்கறப்ப பாக்கறதுக்குன்னு கூட வேற எவனும் உள்ள நிக்கக் கூடாது. படிக்க மட்டும்னா எத்தன ரெஃபரன்ஸ் வேணா, எழுதறதுக்குன்னா ஒண்ணே ஒண்ணு. இவ்வளவுதான் பாரோ செக்கர் (ரஸ்ட் கம்பைலர்ல இத சரி பாக்கற பகுதி). சொல்றதுக்கு ரெண்டு நிமிசம், அதுக்குத் தக்கன டேட்டாவ அடுக்கிப் பழகறதுக்கு எனக்கு நாலரை மாசம். அதுவரைக்கும் கம்பைலர் கத்துன எடத்துல எல்லாம் குளோன் போட்டே (டேட்டாவ நகல் எடுத்தே) காலத்த ஓட்டுனேன்.

#7 தறிக்காரன்_மகன்

சோமனூருங்க நானு. லாங்குவேஜ் கத ஒண்ணும் பெருசா என்கிட்ட இல்ல, பைத்தான் டு டைப்ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். ஆனா எங்கய்யன் கத இதுக்குச் சேரும்னு தோணுது.

எங்கய்யன் இருவத்திரண்டு வருசம் நாடாத் தறி ஓட்டுனவரு. வீட்டுக்குப் பின்னால எட்டுத் தறி. கூலி கட்டுபடி ஆகாமப் போயி தறிய எடைக்குப் போட்டுட்டு பல்லடம் பக்கம் ஒரு ஏர்ஜெட் யூனிட்ல வேலைக்குச் சேந்தாரு. அதுல நாடாவே கெடையாது, ஊடை நூல காத்து அடிச்சுத் தாட்டி விடும். எந்தப் பட்டன் எதுக்குன்னு மூணு நாள்ல கத்துக்கிட்டாரு. பாவு நூல் அந்தா முடிச்சுப் போடறது பழசுதான், அந்தக் கையி அப்படியே ஒதவுச்சு. துணியில ஓட்டை விழுந்தா தூரத்துல இருந்தே கண்ணு புடிச்சுக்கும், அதுவும் பழசு. ரெண்டு வாரத்துல மத்தவங்க மாதிரியே ஓட்டுனாரு.

ஆனா ஒண்ணு சொன்னாரு. நாடாத் தறியில சோறு தின்னுட்டு இருக்கறப்பவே அஞ்சாவது தறியில சத்தம் மாறுதுன்னு எந்திரிச்சு ஓடுவாரு, நாங்களே பாத்திருக்கோம். எங்களுக்கு எட்டும் ஒரே சத்தந்தான். ஏர்ஜெட்ல அந்தக் காது போயிருச்சாம். மெசினு நின்னு செவப்பு வெளக்கு எரிஞ்சாத்தான் தெரியுது, அதுக்கு முன்ன தெரியலன்னு ரொம்ப வெசனப்பட்டாரு. அந்தக் காது திரும்ப வர்றதுக்கு ஒரு தீவாளி போயி அடுத்த மாரியம்மன் நோம்பி வந்துருச்சு.

எனக்கென்னமோ புரோகிராமிங்லயும் நாள் ஆகறது அந்தக் காதுக்குத்தான்னு தோணுது.

#8 கரூர்_பாடி_பில்டர்

நல்ல கததான், ஆனா இதெல்லாம் ஓவருங்க. ஆளு எடுக்கற எடத்துல இருக்கேன் நானு. "கோ அனுபவம் 5 வருசம்"னு வெளம்பரம் போட்டா கோயமுத்தூர்ல ஆளு கெடைக்கறதில்ல, கெடைச்சாலும் பெங்களூரு சம்பளம் கேக்கறாங்க. அதனால ஜாவா ஆளுகளையும் பிஹெச்பி ஆளுகளையும் எடுத்து உக்கார வெச்சிருக்கேன், ஒரு வாரத்துல மொத மெர்ஜ் (எழுதுன கோட மெயின் கோடோட சேக்கறது) போட்டிருக்காங்க. மாசக்கணக்குல ஆகும்னு இப்படி எழுதுனா மேனேஜருங்க படிச்சுப்போட்டு அனுபவமே இல்லாதவன எடுக்கவே மாட்டாங்க. நாளைக்கு நீங்களே வேல தேடறப்ப உங்க தலையிலதான் விடியும்.

#9 கோபி_அம்மிணி

@கரூர்_பாடி_பில்டர் அந்த ஒரு வாரத்து மெர்ஜ யாரு ரிவ்யூ பண்ணாங்க?

#10 கரூர்_பாடி_பில்டர்

டீம்ல கோ நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரு இருக்காரு.

#11 கோபி_அம்மிணி

அதத்தான் கேட்டேனுங்க.

#12 புதுப்பையன்_2025

எதுக்கு இவ்வளவு பேச்சு. ஏஐகிட்ட ஜாவா கோட குடுத்தா கோவுல மாத்திக் குடுத்துட்டுப் போகுது. நான் கோ தெரியாமயே ஒரு டூல் எழுதி ஆபீஸ்ல ஓடிட்டிருக்கு.

#13 திருப்பூர்_ஃபாக்ஸ்ப்ரோ

தம்பி, ஓடறது சரி. ஒரு நா நின்னா என்ன பண்ணுவீங்க?

நான் பழைய ஆளு, வயசு 56. பனியன் கம்பெனிகளுக்கு டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ 2.6ல ஜாப் வொர்க் கணக்கு எழுதிக் குடுத்து ஆரம்பிச்சவன். நிட்டிங்குக்கு எத்தன கிலோ நூலு போச்சு, துணியா எத்தன கிலோ வந்துச்சு, டையிங்ல எத்தன கொறஞ்சுது, கட்டிங் வேஸ்ட் எவ்வளவு, இதுதான் என்ற பொழப்பு. அப்பறம் விஷுவல் பேசிக் 6, அப்பறம் சி ஷார்ப், இப்ப பைத்தான். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு இனி புது வெர்சன் இல்லன்னு மைக்ரோசாஃப்ட் 2007ல சொன்னப்ப துக்க வீடு மாதிரி இருந்துச்சு எனக்கு.

என்ற கணக்கச் சொல்றேன். மொதல் லாங்குவேஜுக்கு ரெண்டு வருசம். ரெண்டாவதுக்கு எட்டு மாசம். மூணாவதுக்கு மூணு மாசம். நாலாவது பைத்தான் மூணே வாரம். இப்படித்தான் பெருமையா எல்லாருகிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். வயசாக வயசாக கத்துக்க முடியாதுங்கறது பொய்யின்னு கூடச் சொன்னேன்.

பைத்தான் எழுத ஆரம்பிச்சு ஏழாவது மாசம். ஒரு பார்ட்டி போன் பண்றாரு, "ஏனுங்க, என்ற பில்லுல எனக்குச் சம்பந்தமே இல்லாத காலர் ரிப்பு 40 கிலோ ஏறியிருக்குது"ன்னு. பாத்தா அதுக்கு முன்னால பில்லு போட்ட பார்ட்டியோட அயிட்டம். புரோகிராம மூடித் தெறந்தா சரியா வருது. ரெண்டாவது பில்லுல இருந்து தப்பு. ரெண்டு நாள், சோறு தண்ணி எறங்கல. டேட்டாபேஸக் கொடஞ்சேன், நெட்வொர்க்கச் சந்தேகப்பட்டேன், பில்லு போடற பொண்ணக் கூடச் சந்தேகப்பட்டேன், பாவம் அது.

கடைசில பாத்தா ஃபங்ஷன் எழுதறப்ப அயிட்டம் லிஸ்டுக்கு டீஃபால்ட்டா காலி லிஸ்ட் ஒண்ணு குடுத்திருக்கேன். கூப்புடறப்பெல்லாம் புதுசா ஒரு காலி லிஸ்ட் வரும்னு என்ற நெனப்பு. பைத்தான்ல அது ஃபங்ஷன டிஃபைன் பண்றப்ப ஒரே ஒருக்காதான் உருவாகும், அப்பறம் எத்தன தடவ கூப்புட்டாலும் அதே லிஸ்ட்தான், மொத பார்ட்டி போட்டது அதுக்குள்ளயே கெடக்கும். சி ஷார்ப்ல டீஃபால்ட்டா மாறாத மதிப்புதான் குடுக்க முடியும், காலி லிஸ்ட் குடுக்க கம்பைலரே உடாது. அதனால இப்படியொரு குழி இருக்கும்னு எனக்குக் கெனாவுல கூடத் தோணல.

இப்பச் சொல்லுங்க, நான் பைத்தான் கத்துக்கிட்டது மூணு வாரத்துலயா ஏழாவது மாசத்துலயா?

#14 புதுப்பையன்_2025

அண்ணா அது பைத்தான் இண்டர்வியூவுல கேக்கற கேள்விங்ணா, எல்லாத்துக்கும் தெரியும் 😅

#15 திருப்பூர்_ஃபாக்ஸ்ப்ரோ

என்னைய யாரும் இண்டர்வியூ பண்ணல தம்பி. மொதலாளி "நாளைக்கு வேணும்"னாரு, அவ்வளவுதான்.

#16 பொள்ளாச்சி_எளநி

தறிக்காரரு சொன்ன காது விசயம் நூத்துக்கு நூறு. கோவுலயே எனக்கு நடந்தது, இழைய ஆரம்பிச்ச ஜாவா அண்ணனுக்கு நேரா ஒதவும். கொஞ்சம் நீளமாப் போகும்.

ஜாவாவுல 11 வருசம். கோவுக்கு வந்து மூணாவது மாசம், டீம்ல நான்தான் இப்ப கோ எக்ஸ்பர்ட்டுன்னு நானே நெனச்சுக்கிட்டு இருந்த நேரம். கூரியர்காரங்களோட ஏபிஐய கூப்புட்டு சரக்கு எங்க இருக்குன்னு கேக்கற ஒரு சின்ன சர்வீஸ், எரநூறு லைன் கூட இருக்காது. ஹெச்டிடிபி கெட்னு ஒரே வரியில கூப்புட்டிருக்கேன், எர்ர் நில்லான்னு (தப்பு எதும் வரலியான்னு) பாத்திருக்கேன், எல்லாம் அழகா இருக்கு. தீவாளிக்கு முந்துன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட்டு, மெமரி முட்டி கண்டெய்னர் செத்துச் செத்துப் பொழைக்குது. லாக்ல ஒரு எர்ரர் இல்ல. ஒண்ணுமே இல்ல! பிபிராஃப்ப (கோவுல உள்ள என்ன ஓடுதுன்னு காட்டற டூல்) தெறந்து பாத்தா 41 ஆயிரம் கோரூட்டீன் (கோவோட goroutine, ஒவ்வொண்ணும் தனியா ஓடற ஒரு வேல) வரிசையா ஒரே எடத்துல நிக்குது, கூரியர்காரங்க சர்வர் எப்ப பதில் சொல்லும்னு.

கோவுல அந்த ஒரு வரி யூஸ் பண்ற டீஃபால்ட் கிளையண்டுக்கு டைம்அவுட்டே (இத்தன நேரந்தான் காத்திருக்கறதுன்னு ஒரு கெடு) கெடையாது. எதிராளி பதிலே சொல்லலீன்னா அது விடிய விடிய நிக்கும். போதாக்கொறைக்கு பதில் வந்த எடத்துலயும் ரெஸ்பான்ஸ் பாடிய நான் ஒரு பாதையில க்ளோஸ் பண்ணல, அந்த கனெக்‌ஷனெல்லாம் வேற தொங்கிட்டு இருக்கு.

இதுல ரெண்டு விசயம். ஒண்ணு, ஜாவாவுலயும் பழைய யூஆர்எல் கனெக்‌ஷனுக்கு டீஃபால்ட்டா டைம்அவுட் இல்லதான். ஆனா பதினோரு வருசத்துல நான் ஒருக்கா கூட அடிபடல, ஏன்னு போயி பாத்தா எங்க ஆபீஸ் காமன் லைப்ரரியில எனக்கு முன்னால இருந்த எவரோ ஒரு புண்ணியவான் போட்டு வெச்சுட்டுப் போயிருக்காரு. என்ற அனுபவம்னு நான் நெனச்சிட்டிருந்ததுல பாதி அவரோட அனுபவம்.

ரெண்டு, ஜாவாவுல இதே தப்பு நடந்திருந்தா சத்தம் வேற மாதிரி வந்திருக்கும். ஜாவா வெப் சர்வர் டாம்கேட்டுக்கு டீஃபால்ட் த்ரெட் 200, அது நெறஞ்சதும் சைட்டு மொத்தமா நின்னு ஊரே கத்தும், நானும் த்ரெட் டம்ப எடுத்து அஞ்சு நிமிசத்துல புடிச்சிருப்பேன். கோரூட்டீன் ஆரம்பிக்கறப்ப ரெண்டு கேபி ஸ்டாக்குதான், அது பாட்டுக்கு சத்தமில்லாம சேந்துட்டே போகும், மெமரி முட்டற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. நான் த்ரெட் நெறையற சத்தத்துக்குக் காத தீட்டி வெச்சிருந்தேன், இங்க அந்தச் சத்தமே கெடையாது.

அதுக்கப்பறம் கோரூட்டீன் எண்ணிக்கைக்கு ஒரு கிராஃப் போட்டு டெய்லி காலைல டீ குடிக்கறப்ப அதப் பாக்கறது பழக்கமாயிருச்சு.

#17 ஒண்டிப்புதூர்_ஓரம்

சரிங்ணா ஒத்துக்கறேன். எனக்கும் ஒண்ணு நடந்துச்சு, சொல்ல வெக்கமா இருந்துச்சு. லூப்புக்குள்ள கோரூட்டீன் உட்டா எல்லாம் கடைசி வேல்யூவையே புடிச்சுக்கற பிரச்சன, கோ 1.22ல சரி பண்ணிட்டாங்கன்னு படிச்சுட்டு கோவ அப்டேட் பண்ணி நிம்மதியா இருந்தேன். ஆனா என்ற புராஜெக்டோட கோ மாட் ஃபைல்ல (go.mod) வெர்சன் 1.20ன்னே கெடந்துச்சு. அந்த வரிய மாத்துனாத்தான் புதுப் பழக்கத்துக்கு வருமாம். பத்து பேருக்குப் போக வேண்டிய எஸ்எம்எஸ் ஒரே ஆளுக்குப் பத்து தடவ போச்சு. அவரு நல்ல மனுசன், ஒண்ணும் சொல்லல.

#18 சரவணம்பட்டி_ஜாவா

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு மேனேஜர்கிட்ட போயி ரெண்டு வாரம்னு சொன்னத திரும்ப எடுத்துக்கிட்டேன். மொத மெர்ஜுக்கு ஒரு வாரம், தனியா ஒரு வேல எடுத்து முடிக்க ஒரு மாசம், ராத்திரி ஆன்கால் (அலர்ட்டு வந்தா எந்திரிச்சுப் பாக்கற பொறுப்பு) மட்டும் நாலு மாசம் கழிச்சு, அது வரைக்கும் கோ தெரிஞ்ச ஆளு ஒருத்தரு என்கூட இருக்கணும்னேன். "லாங்குவேஜ்தானே கேட்டேன், ஆன்கால் எங்கிருந்து வந்துச்சு"ன்னாரு. பொள்ளாச்சி அண்ணன் எழுதுனத அப்படியே படிச்சுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நம்ம காமன் லைப்ரரில டைம்அவுட் யாரு போட்டது?"ன்னாரு. தேடிப் பாத்தா அவரேதான் போட்டிருக்காரு, 2012ல 😀 நாலு மாசத்துக்குச் சரின்னுட்டாரு.

#19 கரூர்_பாடி_பில்டர்

ஆன்கால பிரிச்சுக் கேட்டது நல்ல ரோசனை. நானும் இங்க அப்படியே போடறேன்.

#20 சரவணம்பட்டி_ஜாவா

ஏழு வாரம் செண்டு வர்றேன், கேட்டவங்களுக்காக. மொத மெர்ஜ் ஆறாவது நாள். மூணாவது வாரம் ரொம்பப் பெருமையா ஒரு மாட்யூல் எழுதி அனுப்பிச்சேன். ரிவ்யூ பண்ணவரு நம்ம பக்கத்துப் பையன், என்னைவிட எட்டு வயசு சின்னவன், "அண்ணா இந்த பதினோரு இண்டர்ஃபேஸுக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரக்ட்தானே இருக்குது, யாருக்காக எழுதியிருக்கீங்க"ன்னு பதமாக் கேட்டான். அது போக எல்லா ஃபீல்டுக்கும் கெட்டர், கோவோட பேனிக்கையும் ரிகவரையும் வெச்சு ஜாவா ட்ரை கேட்ச் மாதிரி ஒரு பேக்கேஜ், அதுக்கு நானே பேரு வேற வெச்சிருந்தேன். அறநூறு லைன் தூக்குனேன். வயிறு எரிஞ்சுது, ஆனா மிச்சமிருந்தது எரநூத்து சொச்சம், அதுவே எல்லா வேலையும் செஞ்சுது.

போன செவ்வாய்க்கெழம கோரூட்டீன் கிராஃப் படிக்கட்டு மாதிரி ஏறுச்சு. லாக்கத் தெறக்கறதுக்கு முன்னாலயே இது கேக்க ஆளில்லாத சேனல்தான்னு (ஒரு கோரூட்டீன் இன்னொண்ணுக்கு பதில அனுப்பற வழி) தோணுச்சு. காத்திருந்தவன் டைம்அவுட் ஆயி கெளம்பிட்டான், அனுப்பறவன் மட்டும் கையில பதில வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறான். சேனலுக்கு பஃபர் ஒண்ணு குடுத்தேன், அவனும் வெச்சுட்டுப் போயிட்டான். இருவது நிமிசம். மத்தபடி இன்னும் தெரியாதது நெறைய இருக்குதுங்க, ஸ்லைஸ் (கோவோட லிஸ்ட்) அப்பெண்ட்ல ரெண்டு ஸ்லைஸ் ஒரே அர்ரேவுல எழுதறத நேத்துதான் அடிபட்டுக் கத்துக்கிட்டேன்.

#21 திருப்பூர்_ஃபாக்ஸ்ப்ரோ

சந்தோசம் தம்பி. உங்களப் பாத்து எனக்கும் ஆச. ஒரு கம்பெனியில ஜாப் வொர்க் கணக்க கோவுல எழுதிப் பாக்கலாம்னு இருக்கேன், ஒரே எக்ஸ்ஈ ஃபைலா வரும்னாங்களே, இன்ஸ்டால் தலவலி இல்ல. அங்க பூரா விண்டோஸ் 7 கம்ப்யூட்டரு. ஓடுமா?

#22 சரவணம்பட்டி_ஜாவா

விண்டோஸ் 7க்கு கோ 1.20தாங்ணா கடைசி. 1.21ல இருந்து விண்டோஸ் 10 வேணும்.

#23 திருப்பூர்_ஃபாக்ஸ்ப்ரோ

அப்ப அந்த 1.22 லூப் சமாச்சாரம் எனக்கு இல்ல. மொதலாளி கம்ப்யூட்டர மாத்த மாட்டாரு. சரி, லூப்புக்குள்ள வேரியபிள காப்பி எடுத்து வெச்சுட்டே எழுதிக்கறேன்.